அண்ணனின் ஈரல்

அண்ணன் முகத்தைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. அண்ணனின் ஈரலை மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை. கேட்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆரம்பத்தில் அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. போகப் போகப் பழகிவிட்டது, எதுதான் பழகாது?

சதை வெட்டுவது அவள் வேலை. கசாப்புக் கடையில் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இருந்த பரிசோதனைக் கூடத்தில். ஆபரேஷன் அறையிலிருந்து வரும் துண்டுகளை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, பாதித் தீப்பெட்டி அளவுக்குக் கட்டையாக்கிச் சீவல் இயந்திரத்தில் மாட்டுவாள். ஒரு தலைமுடியை நீளவாக்கில் இருபதாகப் பிளந்தால் அதில் ஒரு பங்குதான் சீவலின் கனம். அது வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும்போது கண்ணாடித் துண்டை அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். பலமாக மூச்சு விட்டாலே சுருண்டுவிடும், தும்மினால் போயே போச்சு. இருபத்திரண்டு வருஷமாக மூச்சைப் பிடித்தே பிழைப்பு நடத்துகிறவளைக் கூடத்தில் எல்லோரும் மெழுகக்கா என்று கூப்பிட்டார்கள். பெரிய டாக்டரம்மா மட்டும் அதையும் சுருக்கி 'மெழுகு' ஆக்கிவிட்டார்.

கல்லீரல் துண்டு வந்தால் ஒரு வெள்ளிச் சாயம் போடுவார்கள். ஈரலுக்குள் ஓடும் மெல்லிய வலை அதில் கறுப்பாகத் தெரியும். வலைக்கு நடுவே செல்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றனவா, இல்லை வலையைத் தள்ளிக்கொண்டு கும்பல் சேர்கின்றனவா என்று பார்க்கத்தான் அந்தச் சாயம். சரி, சாயமே ஒழுங்காகப் பிடித்ததா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கன்ட்ரோல். நோயில்லாத ஒருவரின் ஈரல் சீவலை அதே கண்ணாடியில், நோயாளியின் சீவலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். கன்ட்ரோலில் வலை கறுத்திருந்தால் சாயம் சரி என்று ஒரு டிக் அடிப்பார்கள். அதற்குமேல் கன்ட்ரோலை யாரும் பார்ப்பதில்லை. தட்டு சுத்தமா என்று பார்ப்போமே தவிர, தட்டையா சாப்பிடுகிறோம்?

அந்தக் கன்ட்ரோல்தான் அவள் அண்ணன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் பைக்கில் போன அண்ணனை ஒரு லாரி தட்டிவிட்டது. ஈரலின் வலது ஓரம் கிழிந்துபோய், கிழிந்த பகுதியை அவசர அவசரமாக வெட்டி எடுத்தார்கள். துண்டு அவள் மேஜைக்குத்தான் வந்தது. அது தன் அண்ணனுடையது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. "இவ்வளவு சுத்தமான ஈரலைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு மெழுகு!" என்றார் பெரிய டாக்டர். பழைய கன்ட்ரோல் தீர்ந்துபோயிருந்த நேரம். அண்ணனின் நான்கு கட்டைகளை எடுத்து, பெயரைச் சுரண்டிவிட்டு, அவளே 'கன்ட்ரோல்' என்று எழுதினாள். கன்ட்ரோலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. அண்ணன் எழுந்து நடமாடியதும் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டதில் அம்மா விஷயம் வந்துவிட்டது.

அம்மா மெலிந்துகொண்டே போனாள். ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று அண்ணன் நச்சரித்தான். "வயசானா மெலியத்தான் செய்வாங்க. தினம் நூறு பேர் சதையைப் பார்க்கிறவ நான், எனக்குத் தெரியாதா? ஒண்ணுமில்ல" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள் இவள். ஐந்து மாதம் கழித்து எடுத்தபோது ஈரலில் மூன்று கட்டிகள், ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு. பிள்ளைகளும் ரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு டாக்டர் நடைபாதையில் போகிற போக்கில் சொன்னார். சாகக் கிடக்கிறவளைக் கவனிப்பதா, இதைக் காதில் போட்டுக்கொள்வதா? அம்மா போன மூன்றாம் நாள் அண்ணன் சொன்னான்: "உன் 'ஒண்ணுமில்ல'ய நம்பினோம் பாரு, எங்களைச் சொல்லணும். இனிமே என் வாசப்படி மிதிக்காதே." அவள் மிதிக்கவில்லை. ரோஷத்தில் அவனுக்குச் சற்றும் இளைத்தவள் இல்லை.

ஆனால் காலையில் பெட்டியைத் திறந்து அந்தக் கட்டையை எடுக்கும்போது, "எப்படி இருக்கே அண்ணா?" என்று உதட்டுக்குள் கேட்டுக்கொள்வாள். கோபம் பொங்குகிற நாளில், "நல்லா மாட்டினியா!" என்று சீவல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுவாள். இரண்டுமே பாசம்தான். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர், அதை அவனிடம் போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்று கட்டைகள் தீர்ந்து நான்காவது பாதிக்கு வந்திருந்த சமயத்தில், ஒரு திங்கட்கிழமை, சாயம் பிடித்ததா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் கன்ட்ரோலின் கீழ் மூலையில் ஒரு கூட்டத்தைக் கண்டாள். அங்கே மட்டும் செல்கள் சின்னச் சின்னதாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. வலையும் அந்த இடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தது. தண்ணீர்த் தொட்டியில் வேறு யாருடைய துணுக்கோ மிதந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள். அது அவர்கள் தொழிலில் சகஜம். தொட்டியைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்தாள்.

புதன்கிழமையும் கூட்டம் அதே மூலையில் இருந்தது. கொஞ்சம் அகன்றிருந்தது. பிளேடை மாற்றினாள், கண்ணாடித் துண்டுகளைப் புதுப் பெட்டியிலிருந்து எடுத்தாள். வெள்ளிக்கிழமை இன்னும் அகன்றிருந்தது. மிதந்து வந்த துணுக்காக இருந்தால் ஒவ்வொரு நாளும் அதே மூலையில் வந்தா உட்காரும்? அதுவும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு?

கட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மெழுகுக்குள் வெளிறிய ஒரு சில்லு, அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் மருந்தில் முங்கி, சாராயத்தில் ஈரம் வற்றி, மெழுகில் அடங்கிப்போன சதை. இரத்தம் இல்லை, மூச்சு இல்லை. அது எதைத் தின்று வளர்கிறது?

யாரிடமும் சொல்லவில்லை. மறுவாரம் கட்டைப் பெட்டியைத் திறக்கும் முன் மூடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டோம் என்பது தட்டிய பிறகுதான் உறைத்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து "எப்படி இருக்கே அண்ணா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள், பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், மூன்று மாதத்துக் கண்ணாடிகளை அலமாரியிலிருந்து இறக்கினாள். நாற்பத்தொன்று இருந்தன. தேதிவாரியாக ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். முதல் ஆறில் மூலை சுத்தம். ஏழாவதில் பத்துச் செல், ஊசி முனை அளவு. எட்டாவதில் இருபது. பிறகு ஒவ்வொரு கண்ணாடியிலும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. நீளமான தெருவின் கோடியிலிருந்து ஒரு ஆள் நம்மைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. நாற்பத்தொன்றாவதில் அவன் வாசலுக்கே வந்து நின்றான்.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு சீட்டு இருந்தது. 'கன்ட்ரோல் சரி' என்று ஒவ்வொன்றிலும் டிக், கீழே அவள் கையெழுத்து, அதற்கும் கீழே பெரிய டாக்டர் கையெழுத்து. கூட்டம் தெரிந்த முப்பத்தைந்து தடவையும் இரண்டு பேர் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைசி நாலைந்தைத் தவிர எதையும் யாரும் பார்க்கவில்லை.

கண்ணாடிகளை அள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். டாக்டர் கடைசிக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இது யாரோட கேஸ் மெழுகு?"

"கேஸ் இல்ல டாக்டர். கன்ட்ரோல்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கன்ட்ரோலா? எல்லாத்துலயும் நான்தானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

"நானும்தான் டாக்டர். இது வளருது. தினமும் வளருது. மெழுகுல கிடக்கிறது எப்படி டாக்டர் வளரும்?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அது வளரலம்மா. நீ இறங்கிக்கிட்டு இருக்க. ஒவ்வொரு தடவை சீவும்போதும் கட்டைக்குள்ள கொஞ்சம் கீழ போறல்ல? அது உள்ள உக்காந்திருந்திருக்கு, அன்னிக்கே. நான் மேலாக்கப் பார்த்துட்டு சுத்தம்னு சொல்லிட்டேன்."

செத்தது வளரவில்லை என்று கேட்டதும் ஒரு நொடி மூச்சு வந்தது. மறு நொடி அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. இது அன்றே இருந்ததென்றால், ஒன்பது வருஷம் வளர்ந்திருக்கக்கூடிய இடம் மெழுகு இல்லை. அது எங்கோ ஒரு தெருவில் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறது.

"புற்றா டாக்டர்?"

"இல்ல. அதுக்கு முந்தின படி. செல்லெல்லாம் குணம் மாற ஆரம்பிச்சிருக்கு. அப்படியே நின்னுபோறதும் உண்டு, ஏறிப்போறதும் உண்டு. ஒன்பது வருஷம்னா..." என்று இழுத்தவர் முடிக்கவில்லை. "ஆள் யாரு?"

"தெரியாது டாக்டர். பழசு. பேர் எழுதல."

பொய் தானாக வந்து விழுந்தது. பெயரைச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தாள். இன்னும் ஒரு சோதனை, அதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடட்டும் என்று மனசு கெஞ்சியது. அதே 'ஒண்ணுமில்ல'. பட்டும் புத்தி வரவில்லை.

டாக்டர் வேறொரு சாயம் போடச் சொன்னார். மறுநாள் பதினொரு மணிக்குக் கண்ணாடி தயார். ஈரல் முழுக்க அங்கங்கே செல்கள் பழுப்பாகக் கறை பிடித்திருந்தன, மழை விட்ட பிறகு சுவரில் தெரியும் திட்டுகள் மாதிரி.

"காமாலைக் கிருமி," என்றார் டாக்டர். "சத்தம் காட்டாம உள்ளயே குடியிருந்திருக்கு. பெரும்பாலும் பிரசவத்துல அம்மாகிட்டேருந்து வர்றது."

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் பொய்யை விட்டுவிட்டாள்.

"எங்க அண்ணன் டாக்டர்," என்றாள். "என் கூடப் பிறந்தவன்."

டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். திட்டவில்லை. "கோட்டைக் கழட்டி வெச்சுட்டு இப்பவே போ," என்றார்.

அண்ணன் தராசு பழுது பார்க்கிறவன். கடைவீதிக் கடைசியில் ஒடுக்கமான அறை. மேலே கம்பியில் வரிசையாகத் தட்டுத் தராசுகள் தொங்கும், கீழே எண் காட்டும் தராசுகள் வயிறு பிளந்து கிடக்கும். அவள் போனபோது இடுக்கியால் ஒரு பித்தளை எடைக்கல்லைத் தூக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். மெலிந்திருக்கிறானா என்று பார்த்தாள். ஏழு வருஷம் பார்க்காத ஆளை எதோடு ஒப்பிடுவது?

அவன் தலை நிமிரவில்லை. "கடை மூடற நேரம்."

"மூணு மணிக்கா?"

"சில பேர் வந்தா மூடிடுவேன்."

நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டை, கன்ட்ரோல், மூலையில் கூட்டம், பழுப்புக் கறை, எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அவன் இடுக்கியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"ஒன்பது வருஷமா என்னை வெட்டிக்கிட்டா இருந்த?"

"வாரத்துக்கு மூணு நாள்."

"லீவு நாள்ல?"

"லீவு நாள்ல இல்ல."

"அது வரைக்கும் புண்ணியம்." அவன் முகம் சிரிக்கப் போனது, பாதியில் நின்றது. "அன்னிக்கு ஒண்ணுமில்லன்ன. இன்னிக்கு இருக்குங்கற. நான் எதை நம்பறது?"

"இன்னிக்குப் பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணா. அன்னிக்குப் பார்க்காமச் சொன்னேன்." ஏழு வருஷமாகத் தொண்டையில் நின்றது இது. "தப்பு என் மேலதான். அம்மா விஷயத்துல நான் பண்ணினது தப்பு."

வெளியே ஒரு பஸ் போனது. அறையில் இருந்த அத்தனை தட்டுகளும் ஒன்றாக நடுங்கின. எதுவும் வைக்காத தட்டுகள், ஒவ்வொன்றும் எதையோ நிறுத்துப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் ஆடின.

"இந்தக் கல்லை நான் வெறுங்கையால தொடறதில்ல," என்றான் அண்ணன், பித்தளையைப் பார்த்தபடி. "இதை வெச்சுத்தான் ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் சரி பார்க்கிறேன். இதைச் சரி பார்த்து வருஷக்கணக்காச்சு." எடைக்கல்லை அதன் குழியில் இறக்கிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தான். முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "இரு. அம்மாகிட்டேருந்து வந்ததுன்னா, நீயும் அந்த வயித்துல பிறந்தவதானே? நீ பார்த்துக்கிட்டியா சின்னு?"

சின்னு. அந்தப் பெயர் சொல்லி அம்மாவுக்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இத்தனை நாள் யோசித்ததில் ஒருமுறைகூட அவளுக்குத் தன் நினைப்பு வரவில்லை. எல்லோரையும் நோயாளி, நோயில்லாதவர் என்று பிரித்துப் பார்த்த கண், தன்னை எந்தப் பக்கமும் சேர்க்காமலே விட்டிருந்தது.

அண்ணன் ஷட்டரை இழுத்து விட்டான். "நட," என்றான்.

இருவருக்கும் ரத்தத்தில் கிருமி இருந்தது. அண்ணனின் ஸ்கேன் சுத்தமாக வந்தது. விபத்தில் வெட்டியெடுத்த ஓரத்தோடு அந்தக் கூட்டமும் போய்விட்டதாம், மிச்ச ஈரல் ஒழுங்காக இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார்கள். "அந்த லாரிக்காரனைத் தேடிப் பிடிச்சு ஒரு கும்பிடு போடணும்," என்றான் அண்ணன்.

அப்புறம் அவள் ஸ்கேன் மேஜையில் படுத்தாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றாள் ஸ்கேன் எடுக்கிறவள். மூச்சுப் பிடிப்பதில் இவளை யார் மிஞ்ச முடியும்? ஆனால் அந்தக் கருவி ஒரே இடத்துக்கு மூன்று தடவை திரும்பி வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு. ஊசி போட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றார்கள்.

துணுக்கு அவள் மேஜைக்கே வந்தது, தையல் நூல் கனத்தில், மருந்துக் குப்பியின் அடியில் சுருண்டு.

"வேற யாரையாவது வெட்டச் சொல்றேன்மா," என்றார் பெரிய டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். என்னை வெட்ட எனக்குத்தான் கை வரும்."

மெழுகில் புதைத்தாள். இயந்திரத்தில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள். உடம்புக்குள் வலிக்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம், விலாவை இறுக்கிக்கொண்டாள். வலிக்கவில்லை. அவளுடைய சீவல் தண்ணீரில் விரிந்து மிதந்தது. சாயம் போடக் கன்ட்ரோல் வேண்டும். ஒதுக்கிவைத்திருந்த அண்ணன் கட்டையைத்தான் எடுத்தாள். தயங்கித் தயங்கிச் சீவினாள். கண்ணாடியை அடியில் கொடுத்து முதலில் அவனை ஏந்தினாள், பிறகு பக்கத்திலேயே தன்னை.

சாயம் காய்ந்ததும் கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். அண்ணன் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள், இந்தத் தடவை நான்கு மூலையும் விடாமல். கூட்டம் இல்லை. டாக்டர் சோதிக்கச் சொன்னபோது சீவிய சீவல்களோடு அது தீர்ந்துபோய், கட்டையின் அடி ஆழம் மறுபடி சுத்தமாகியிருந்தது. வலை கறுப்பாக, வரிசை ஒழுங்காக இருந்தது. 'கன்ட்ரோல் சரி' என்று டிக் அடித்தாள்.

பிறகு தன் பக்கம் நகர்த்தினாள்.

நூலின் நடுவே அவர்கள் நின்றிருந்தார்கள். சின்னதாக, நெருக்கமாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, மூன்று மாதக் கண்ணாடிகளில் பார்த்துப் பழகிய முகம் ஆயிற்றே. அவர்களும் தன்னைத் தெரிந்துகொண்டார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. வலையைத் தேடினாள், அது அறுந்திருந்தால் புற்று. இளைத்திருந்தது. ஆனால் அறுபடவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போய்ப் பார்த்தாள், எங்கேயும் அறுபடவில்லை.

டாக்டரும் வந்து பார்த்தார். "முந்தின படிதான். இன்னும் தாண்டல," என்றார். "ஊசி விட்டு அந்தத் திட்டைச் சுட்டு எடுத்துடலாம். அப்புறம் விடாம கண்காணிக்கணும். ஆயுசுக்கும்."

நடைபாதைப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து கடை மூடிக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்ன?"

அவள் நாக்கில் 'ஒண்ணுமில்ல' வந்து நின்றது. பழக்க தோஷம். அதை விழுங்கினாள்.

"இருக்கு அண்ணா," என்றாள். "நானே பார்த்துட்டேன்."

அண்ணன் மறுபடி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.